நாச்சம்மை சொன்னதை நீயே சொல்

சேவியர்,

முதலில் ஊர்ப் பேச்சு ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் உன்னை வீட்டை விட்டுத் துரத்தவில்லை. உனக்குப் பேய் பிடித்திருப்பதாக யாரிடமும் சொல்லவில்லை. பாதரை அழைத்து உன் அறையில் தீர்த்தம் தெளிக்கச் சொல்லவில்லை. மந்திரம் ஓத மலாய்க்காரர் கம்பத்திலிருந்து ஒரு பொமோவை, அதாவது மந்திரவாதியை, கூட்டி வந்தேன் என்றும் ஒரு கதை உலவுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வளாகத்தில் நின்று கோப்பி குடிக்கிறவர்கள் அந்தப் பொமோ வந்த காரின் நிறத்தைக்கூடச் சொல்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான்: நீ ஒரு பையை எடுத்துக்கொண்டு கடலோர ஊரான மெர்சிங்குக்குப் போனாய். நீ அறைக் கதவைச் சாத்திப் பை கட்டிக்கொண்டிருந்தபோது உன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக் கதவுப் பிடியில் மாட்டி வைத்தது நான். துரத்துகிறவள் காலரைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போடமாட்டாள். இந்தக் கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைக்கப்போகிறேன். பக்கத்து வீட்டு லூர்து மேரி கேட்டால் கொடுப்பேன், அவள் யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டட்டும். என்னைப் பற்றிப் பேசுவதென்று ஊர் முடிவு செய்துவிட்டால், சரியாகவாவது பேச வேண்டும்.

கான்வென்ட்டில் எனக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தது ஆங்கிலத்தில். தேதி எங்கே, முகவரி எங்கே, எந்த இடத்தில் பத்தி பிரிக்க வேண்டும் என்று சிஸ்டர்கள் அடிக்கோலை வைத்துக்கொண்டு சொல்லித் தந்தார்கள். ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். ஏனென்றால் நீ நாச்சம்மையைத் தமிழில்தான் பேச வைத்தாய்.

மற்றவர்களும் படிக்கப்போவதால் நாச்சம்மை யார் என்று சொல்லிவிடுகிறேன். அவள் உயிரோடு இருக்கிற பெண் இல்லை. நாம் இருவரும் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துவந்த தொலைக்காட்சித் தொடரின் வில்லி. உப்பளங்களுக்குச் சொந்தக்காரி, விதவை, இடுப்பில் சாவிக்கொத்து. அவள் குரலை உயர்த்தமாட்டாள். யாரையாவது தெருவில் நிறுத்தப்போகிறாள் என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்துவிட்டு, "இதைப் பத்திப் பேச்சு வேண்டாம்" என்பாள். உடனே விளம்பரம் வந்துவிடும். வெயிலில் உப்பளத்துக்குப் போகிறவள் எதற்குப் பட்டுச் சேலை கட்டுகிறாள் என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன். நீ ஒவ்வொரு முறையும் "அம்மா, கதையப் பாருங்க" என்பாய். அந்தக் கதை நம் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உன் சங்கடம் எனக்குத் தெரியாதது இல்லை. உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்த சொத்து அது. அவருக்கு "முடியாது" என்று சொல்ல வாய் வராது. யார் என்ன கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். கேட்டவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் நம் தாமான் குடியிருப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர் ஞானத்தகப்பன் ஆனார். அப்படித்தான் பின்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனபோது விட்டுச்சென்ற சேவல் நம் வீட்டுக்கு வந்தது. அவர்கள் திரும்பி வந்தார்கள், சேவலை மட்டும் கேட்கவில்லை. அவரும் "எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லவில்லை. அது கிழடாகிச் சாகும்வரை நம் சமையலறை சன்னலுக்குக் கீழே கூவியது. நீயும் அப்படியே வளர்ந்தாய். நம் தெப்ரா வீட்டிலிருந்து செனாய்த் தொழிற்சாலைக்குப் போகிற உன் காரில் ஒரு சகா ஏறினார், பிறகு அவருடைய நண்பர் ஏறினார், பிறகு எதிர்த் திசையில் குடியிருக்கும் அந்த மேற்பார்வையாளரும் ஏறினார். அவரை ஏற்றிக்கொள்வதற்காக நீ விடியுமுன் எழுந்து குளித்தாய். "சொல்லிடு ஐயா, முடியாதுன்னு" என்று நான் சொன்னபோதெல்லாம் நீ சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "சொல்லலாம்மா, பார்க்கலாம்."

பிறகு ஒரு நாள் நீ விடிந்தபின் எழுந்தாய். நிதானமாகத் தோசை சாப்பிட்டாய். அந்த மேற்பார்வையாளர் என்ன ஆனார் என்று கேட்டேன். "இனிமே பஸ்ல வரச் சொல்லிட்டேன்" என்றாய். உன் முதுகு நேராக இருந்தது. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. என்ன மருந்து சாப்பிடுகிறாய், எனக்கும் முழங்காலுக்கு வாங்கிக் கொடு என்றுகூடக் கேட்டேன். நீ சிரித்தாய். அந்த வாரமே மருந்து எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அறையில் எறும்பு சாரை சாரையாகப் போவதைப் பார்த்துத் துடைப்பத்தோடு உள்ளே போனேன். உன் மேசையில் கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் சட்டம் போட்ட நாச்சம்மையின் படம், ஒரு சாவிக்கொத்து, பவர் இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடி, தட்டில் உப்பு பிஸ்கட். எறும்பு பிஸ்கட்டுக்கு வந்திருந்தது.

நீ வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன்.

"என்னா இது?"

"நாச்சம்மைம்மா."

"அது எனக்கும் தெரியுது. ஒன் மேசையில என்னா பண்றா?"

"நான் அவங்களோட வேலை செய்றேன்."

"சம்பளம் யாரு குடுக்கறா?"

நீ சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "சாமி இல்லம்மா. நான் கும்பிடல. அவங்க கற்பனைன்னு எங்க எல்லாருக்கும் நல்லாத் தெரியும். அதான் விஷயமே."

எழுதுபொருள் கடைக்கு மேலே வாடகை அறையில் சனிக்கிழமை கூடுகிற உங்கள் குழுவைப் பற்றி அப்போதுதான் சொன்னாய். பல் மருத்துவமனையில் வேலை செய்யும் பிரேமா என்ற பெண் நடத்துகிறாள், அவள் ஒரு கடற்கொள்ளைக்காரத் தலைவனோடு "வேலை செய்கிறாள்" என்றாய். பழைய காலத்து மாந்திரீகம் தெய்வங்களையும் ஆவிகளையும் அழைத்தது, இப்போது செய்கிறவர்கள் கதைகளில் வரும் ஆட்களையே அழைக்கலாம் என்கிறார்கள். நம்பவேண்டிய அவசியம்கூட இல்லை, முழுமனதோடு நடித்தால் போதும் என்கிறார்கள். நாச்சம்மை என்பவள் தனி ஆள் இல்லை, எல்லார் மனதிலும் ஏற்கெனவே இருக்கிற ஓர் அச்சில் வார்த்தெடுத்த உருவம். அந்த அச்சின் பெயர் "கதவைச் சாத்துகிறவள்" என்றாய். ஏன் வில்லி, கதாநாயகி கிடையாதா என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. ஊருக்குப் பிடித்த குணங்களையெல்லாம் நல்லவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கோபம், பேராசை, மறுப்பு என்று நல்ல பிள்ளைகளுக்குத் தடை செய்ததையெல்லாம் வில்லன்களின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆகவே அது தேவைப்படும்போது அவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும் என்றாய். இதில் அறிவு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் கட்டளையை நினைவூட்டினேன், கும்பிடவில்லை என்று மறுபடியும் சொன்னாய். சரி, அது உனக்கும் உன் பாவசங்கீர்த்தனத்துக்கும் இடையில் உள்ள விஷயம் என்று விட்டுவிட்டேன். காகிதப் படத்தைப் பார்த்து நடுங்குகிற ஆள் நான் இல்லை.

விதிகளையும் நீயே சொன்னாய். அழைப்பதற்கு முன் அவளிடமிருந்து எதை எடுப்பது, எதை எடுக்கக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். உன் கணக்கில் மறுப்பை எடுக்கலாம், கொடுமையை எடுக்கக்கூடாது. பிறகு அவளை வாய்விட்டு அழைக்க வேண்டும், அவள் நிற்பதுபோல் நிற்க வேண்டும், மறுநாள் யாரிடம் என்ன சொல்லவேண்டுமோ அதை அவள் குரலில் சொல்லிப் பார்க்க வேண்டும். முடிந்ததும் நன்றி சொல்லி, "போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு, படத்தைத் துணியால் மூடி, முகம் கழுவி, உப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும். அனுப்பிவைப்பதுதான் முக்கியம், அழைத்தவர்தான் அனுப்ப வேண்டும் என்று பிரேமா திரும்பத் திரும்பச் சொல்வாளாம். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குப் புத்தி இருக்கிறது.

அதை நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று அன்றைக்கே உனக்குச் சொன்னேன், நீ பாதிதான் கேட்டாய். கான்வென்ட்டில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவார்கள். அழகான பிள்ளைகளுக்கு மாதா வேடமும் இறக்கை கட்டிய சம்மனசு வேடங்களும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது, மாதாவுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்துகிற சத்திரக்காரன் வேடம். கம்பளி நூலில் தாடி, சிஸ்டரின் பழைய பூட்ஸ். நான் கதவைச் சாத்தியபோது முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை அழுதுவிட்டது, எனக்கு அதில் தாங்கமுடியாத பெருமை. நாடகம் முடிந்ததும் கேக் கொடுப்பார்கள். ஆனால் கெட்டவன் வேடம் போட்டவர்கள் நேராகக் கேக் மேசைக்குப் போகமுடியாது. தாடியைக் கழற்றி, குழாயடியில் முகம் கழுவிவிட்டு வர வேண்டும். வாசலில் சிஸ்டர் நின்றுகொண்டு, "யார் நீ?" என்று கேட்பார். பெயரைச் சொல்ல வேண்டும். நான் தாடியைக் கழற்றிவிட்டேன், முகமும் கழுவிவிட்டேன், ஆனால் சத்திரக்காரனின் கட்டைக் குரலில் என் பெயரைச் சொன்னேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. குழாயடிக்குத் திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தேன், மறுபடி அனுப்பினார். என் சொந்தக் குரல் வருவதற்குள் கேக்கில் ஐசிங் இருந்த பக்கம் தீர்ந்துவிட்டது. "உங்க பிரேமா சொல்றதும் எங்க சிஸ்டர் சொன்னதும் ஒண்ணுதான், அதைக் கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றேன். "தெரியும்மா" என்றாய், கைபேசியைப் பார்த்துக்கொண்டே.

உனக்குத் தெரியவில்லை. முதலில் துணி போடுவதை விட்டாய். பிஸ்கட்டை மட்டும் தவறாமல் சாப்பிட்டாய். பிறகு அந்தக் கண்ணாடி உன் சட்டைப் பையில் ஏறியது. பூசைக்குப் பிறகு நாம் எப்போதும் போகிற கடையில், நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அண்ணே என்று கூப்பிடுகிற அப்துல் அண்ணன், பால் இல்லாத தே ஓ கேட்டதற்குப் பால் ஊற்றிய தே தாரேக் கொண்டு வந்துவிட்டார். நீ கண்ணாடியை எடுத்தாய், மடித்து மேசையில் வைத்தாய்.

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன கொண்டாந்திருக்கீங்க? இதைப் பத்திப் பேச்சு வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

அப்துல் அண்ணன் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா தம்பி, வேலையில பெரிய போஸ்ட் குடுத்துட்டாங்களா லா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். நீ சிரிக்கவில்லை. அவர் முகம் சின்னதாகிவிட்டது. அந்தத் தே தாரேக்கை நான் வாங்கிக் குடித்தேன், எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தும். வீட்டுக்கு வரும் வழியில், எடுக்கக்கூடாது என்று நீ வைத்திருந்த பட்டியலில் அப்துல் அண்ணனைச் சிறுமைப்படுத்துவது இல்லையா என்று கேட்டேன். "ஒரு தேத்தண்ணிக்கு இவ்ளோ பேச்சாம்மா" என்றாய். அன்றைக்குத்தான் நான் கேட்டேன், இத்தனை தொடரில் இத்தனை வில்லிகள் இருக்க ஏன் இவளைப் பிடித்தாய் என்று. நீ பச்சை விளக்குக்காகக் காத்திருந்தாய். விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"அவங்க முடியாதுன்னு சொல்றப்ப, நீங்க சொல்ற மாதிரியே இருக்கும்மா."

படிப்பதற்காகப் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பையில் வைத்தேன். வைத்த பிறகுதான் என் கை என்ன செய்தது என்று பார்த்தேன். நீயும் பார்த்தாய். கோபம் வந்தது, மறுக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்து, படிக்கவைத்து, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டவள் அவன் மேசையில் உப்பளக்காரியாக உட்கார்ந்திருக்கிறாள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் கோபத்துக்குள்ளே ஓர் ஓரத்தில், தைரியம் வேண்டும் என்றபோது இவன் என்னிடம்தான் வந்திருக்கிறான் என்ற பெருமையும் இருந்தது. வந்தவன் நேராக என்னிடம் வந்திருக்கலாம். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை மதியம் கெம்போங் மீன் குழம்பு. நீ கையில் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தாய். தட்டுக்குப் பக்கத்தில் அதை மடித்து வைத்தாய்.

"செனாய் வேலைய விட்டாச்சு. மெர்சிங் போறேன். ஜெட்டி பக்கத்துல படகு இன்ஜின் பழுது பாக்குற பட்டறை, கூட்டாளி ஒருத்தன் கூப்புட்டான். இன்னிக்கே கெளம்பறேன். இதைப் பத்திப் பேச்சு வேண்டாம்."

தாழ்ந்த குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி. அது உன் குரல் இல்லை. உன் குரல் வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் மேலே போகும், உன் அப்பாவுடையதைப் போல. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"யாரு பேசறது?"

"நான் முடிவு பண்ணிட்டேன்."

"அத நான் கேக்கல. யாரு பேசறது? பேரைச் சொல்லு."

"இதைப் பத்திப் பேச்சு வேண்டாம்னு சொன்னேன்."

அப்போதுதான் நான் குரலை உயர்த்தினேன். "யாரு நீ? பேரைச் சொல்லு" என்று கத்தினேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. "சேவியர்" என்று நீ ஒரு முறை உன் குரலில் சொல்லியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன், இன்னொரு மீன் துண்டும் வைத்திருப்பேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லூர்து மேரிக்கு உன் தாழ்ந்த குரல் கேட்கவில்லை, என் குரல் மட்டும் கேட்டிருக்கிறது. யாரு நீ, பேரைச் சொல்லு என்று ஒரு கிழவி நடுமதியத்தில் கத்தினால் அவள் வேறு என்ன நினைப்பாள்? நீ தேநீர் நேரத்துக்குப் பின் காரை எடுத்துக்கொண்டு போனாய். கொஞ்ச நேரத்தில் அவள் தீர்த்தப் போத்தலோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, போயிருச்சா?"

"எது?"

"அதான்க்கா. தம்பி மேல இருந்தது."

"தம்பியே போயிட்டான்."

"அலமாக். அதையும் கூட்டிக்கிட்டா?"

கூட்டிக்கொண்டுதான் போனாயோ என்று எனக்கும் தெரியவில்லை. அவள் கொண்டு வந்த போத்தலை வாங்கிக் குளிர்பெட்டியின் மேல் வைத்தேன், கதவைச் சாத்தினேன். ஊர்க் கதை அந்த வாசலிலிருந்து புறப்பட்டது.

இப்போது என் எரிச்சல் என்ன என்று தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ வேறு எதையாவது நினைத்துக்கொண்டு ஜெட்டியில் உட்கார்ந்திருப்பாய். மெர்சிங் எனக்குப் பிடிக்கவில்லை. பொறியியல் படித்தவன் மீன்பிடிப் படகுக்குக் கீழே படுத்துக்கொண்டு எண்ணெய் பூசிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. மழைக் காலத்தில் படகே ஓடாத ஊரில் என்ன செய்வாய் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இது என் அபிப்பிராயம், நீ வளர்ந்த ஆள். நீ போவதை நான் தடுத்திருக்கமாட்டேன். வாதாடியிருப்பேன், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன், பிறகு உனக்கு ஊறுகாய் கட்டிக் கொடுத்திருப்பேன். என்னால் பொறுக்க முடியாதது வேறு. உன் வாழ்க்கையில் என்னிடம் நீ சொன்ன முதல் "முடியாது" அது. அதைக் கேட்க நான் நாற்பது வயதுப் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நீயோ ஓர் உப்பளக்காரியை அனுப்பிச் சொல்ல வைத்தாய்.

இன்னொன்றும் உன் குழுவில் போய்ச் சொல். தொடரில் நாச்சம்மை பேசி முடித்ததும் விளம்பரம் வந்துவிடுகிறது. கேட்டவள் எப்படி உட்கார்ந்திருந்தாள், குழம்பு ஆறியதா, தட்டை யார் கழுவினார்கள் என்று யாரும் காட்டுவதில்லை. வில்லிகளுக்கு அந்த வசதி உண்டு. நம் வீட்டில் விளம்பரம் வரவில்லை. நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். நீ அவளிடம் என் குரலைக் கண்டதாகச் சொன்னாய். சரியாகக் கவனித்திருந்தால் மீதியையும் கண்டிருப்பாய். ஐந்தாம் பாரம் படிக்கும்போது நீ மோட்டார்சைக்கிள் கேட்டாய், நான் முடியாது என்றேன். கண்ணாடியை மடித்துத்தான் சொல்லியிருப்பேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. நீ அழுதாய், என்னைத் திட்டினாய், கதவை அறைந்தாய், திரும்பி வந்து மறுபடி திட்டினாய். நான் அதே நாற்காலியில் அவரைக்காய் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கோபம் தீரும்வரை கேட்டேன். முடியாது என்று சொல்வது பாதி வேலை. சொன்ன பிறகு அந்த இடத்திலேயே இருப்பது மீதி. நீ என்னிடமிருந்து பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டாய். அந்தப் பாதியும் என் கையிலிருந்து வாங்காமல் ஒரு சட்டம் போட்ட படத்திடமிருந்து வாங்கினாய்.

உன்னைத் தவறாக வளர்த்துவிட்டேன், மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் எங்காவது வரும் என்று தேடாதே. மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. நாச்சம்மையோடு வேலை செய்யாதே என்றும் சொல்லப்போவதில்லை. அந்த மேற்பார்வையாளரை பஸ்ஸில் ஏற்றியவள் அவள்தான், அந்தப் புண்ணியம் அவளுக்குப் போகட்டும். வெளி ஆட்களிடம், உன்னை மிதிக்கிறவர்களிடம், அவளை அனுப்பு. அனுப்பியவளைத் திரும்ப அழைத்து மூடி வை. அப்துல் அண்ணனிடமும் என்னிடமும் அவளுக்கு வேலை இல்லை. உன்னை நேசிக்கிறவர்கள் முன்னால் வேடத்தோடு வந்தால், அவர்கள் உன்னிடம் பேசுவதா வேடத்திடம் பேசுவதா என்று தெரியாமல் கத்துவார்கள். அக்கம்பக்கம் தீர்த்தம் கொண்டு வரும்.

அவள் இன்னும் உன் மேசையில்தான் இருக்கிறாள். சாவிக்கொத்தையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போன நீ படத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், துணிகூடப் போடாமல். அழைத்தவர்தான் அனுப்ப வேண்டும் என்பது உங்கள் விதி என்பதால் நான் தொடவில்லை. சட்டத்தைச் சுற்றித் தூசி தட்டுகிறேன். பிஸ்கட்டை மட்டும் வெளியே போட்டேன், எறும்புக்கு உங்கள் விதி தெரியாது. நேற்று சன்னலைத் திறக்கப் போனபோது அவள் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. "என் மகன் எங்க?" என்று கேட்டேன். கேட்டபின் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவள் வழக்கம்போல் தன் வசனத்தை முடித்துவிட்டவள், பதில் சொல்லமாட்டாள். உன் அப்பா படமாவது கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கிறது.

அடுத்த மாதம் அவருடைய நினைவுப் பூசை. வழக்கம்போல் மாலைப் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. நீ வருவாயா என்று கேட்கிறேன். வருகிறேன் என்றால் மீன் வாங்கி வைக்கிறேன், வந்து உன் கையால் அந்தப் படத்தை மூடிவிட்டுப் போ. வர முடியாது என்றால் முடியாது என்று எழுது. நான் அதைப் படித்துவிட்டு என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன், எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது என் மகனுடைய "முடியாது" ஆக இருக்க வேண்டும். "பார்க்கலாம்" என்று எழுதாதே, அது உன் அப்பாவுடைய சொல், அவரோடு போய்விட்டது. கைபேசியில் கட்டைவிரல் படத்தையும் அனுப்பாதே.

காகிதத்தில், உன் கையெழுத்தில், முதல் வரியில் உன் பெயரை எழுதி எனக்குப் பதில் போடு.

அம்மா